சொல்லிக்கொள்ளாமல் எழுந்தவர்கள்

கையில் இருக்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டுக் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. தள்ளி உட்கார்ந்தால் மழைச் சத்தத்தில் என் குரல் எட்டாது. இந்த மழை ஓய்வதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்த ஒருவனின் கதை இது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் வருஷம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை நம் ஆட்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். சுண்ணாம்புக் காளவாய்ப் புகையும் மாட்டுக் கொட்டகை வாடையும் கலந்து கிடந்த அந்தப் பக்கத்தில் முத்துசாமி என்று ஒரு வண்டித் தச்சன் இருந்தான். மாட்டு வண்டிக்குச் சக்கரம் செய்கிறவன். அவன் மனைவி தங்கத்துக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய்விட்டன. இந்த மூன்றாவதாவது உயிரோடு கைக்கு வந்து சேரவேண்டும். காலையில் கண் விழித்தால் அவனுக்கு அந்த நினைப்புத்தான். ராத்திரி கண் மூடினாலும் அதுதான்.

ஒரு நாள் பிற்பகல், அவன் வீட்டு முன்பக்கத்து அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து ஆரக்கால் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தான். உள்ளே பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி அக்கா தங்கத்துக்குத் தலை வாரிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அந்த அக்கா ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவது என்றால் அரை மணி நேரம் ஆகும். உட்கார்ந்தபடியே ஒரு 'வர்றேன்', எழுந்து நின்று ஒன்று, நிலைப்படியில் ஒன்று, தெருவில் இறங்கித் திரும்பிப் பார்த்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் புதிதாக ஒரு பேச்சு கிளம்பும். அன்றைக்கு அவள் பேச்சு பாதியில் நின்றது. சீப்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வெளியே வந்தாள். அவனைத் தாண்டி, அவன் அங்கே இருப்பதே தெரியாதவள்போல, தெருவில் இறங்கி நடந்தாள்.

"என்னக்கா, சொல்லிக்காமப் போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் முத்துசாமி.

அவள் திரும்பவில்லை. நடைதான் வேகமானது.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கக் கொல்லைப்பக்கம் போனவன் வேலி இடுக்கில் பார்த்தான். பாக்கியலட்சுமி அக்கா கட்டிய சேலையோடு நின்று, குடம் குடமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையில் குளித்துப் பூ வைத்திருந்தவள். அந்தப் பூ நனைந்து அவள் காதோரமாக வழிந்து இறங்கிற்று.

நம் ஆட்கள் எந்த வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வருவார்கள்? சாவு விழுந்த வீட்டிலிருந்து மட்டும்தான். அங்கே 'வர்றேன்' என்று சொல்லிவிட்டால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் என்ற பயம். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய், தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகுதான் தன் வீட்டுக்குள் நுழைவார்கள்.

முத்துசாமி தண்ணீர் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தான். வேறு யாராவதாக இருந்தால் அக்காவுக்கு என்ன அவசரமோ என்று விட்டிருப்பார்கள். அவனால் விட முடியவில்லை. அவன் மனசுக்குள் ஒன்று இருந்தது.

அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதத்துக்கு முன்னால் மூன்று கூட்டாளிகள் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். முத்துசாமி, மருதப்பன், காதர் மைதீன். மூன்று பேரும் ஒரே வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இராமேசுவரத்தில் தீர்த்தமாடினால் பிள்ளை தங்கும் என்று முத்துசாமிக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். காதர் மைதீனுக்கு நாகூர் தர்காவில் ஒரு நேர்த்திக்கடன். மருதப்பனுக்கு ஒன்றும் இல்லை. "எனக்கு என்ன வேண்டுதல்? உன் பிள்ளைக்காக நானும் ஒரு முங்கு முங்கிட்டு வர்றேன்" என்று சொல்லித் துணைக்குக் கிளம்பியவன் அவன்.

நாகப்பட்டினத்தில் இறங்கிக் கூண்டு வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டார்கள். மூன்று பேரும் வண்டி தெரிந்தவர்கள். வண்டிக்காரன் இல்லாமல் தாங்களே முறை வைத்து ஓட்டினார்கள். நாகூர், தஞ்சாவூர், மதுரை, அப்புறம் இராமேசுவரம். புளியமரத்து நிழலில் சோறு பொங்கினார்கள், ஏரித் தண்ணீரில் காளைகளோடு சேர்ந்து குளித்தார்கள், ஒருத்தன் குறட்டையை இன்னொருத்தன் நடித்துக் காட்டினான். மருதப்பனிடம் ஒரு வழக்கம். எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவான். சத்திரத்துக்காரரிடம் சொல்வான், மரத்திடம் சொல்வான், தண்ணீர் கொடுத்த கிணற்றிடம்கூட எட்டிப் பார்த்துப் "போயிட்டு வர்றோம்" என்பான்.

"கிணறு உன்னைத் தேடாதுடா, வண்டியில ஏறு" என்று காதர் மைதீன் கேலி செய்வான்.

திரும்பி வரும்போது கடலோரச் சாலையில், தொண்டியைத் தாண்டி, மருதப்பனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பாழடைந்த சத்திரம் ஒன்றின் மூலையில் பாயை விரித்துப் படுக்க வைத்தார்கள். ஒரு ராத்திரியில் ஆள் பாதியாகிவிட்டான். கண் குழிந்து, விரல் நுனியெல்லாம் சுருங்கி, நாக்கு காய்ந்து மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. டக். டக். கப்பலுக்கு நான்கு நாள்தான் இருந்தது. பேதிக்காரனோடு போனால் துறைமுகத்து டாக்டர் மூன்று பேரையும் நிறுத்திவிடுவார். அடுத்த கப்பல் எப்போதோ. தங்கம் தனியாகக் கிடப்பாள்.

விடியற்காலையில் காதர் மைதீன் வெளியே காளைகளைப் பூட்டிக்கொண்டிருந்தான். முத்துசாமி மட்டும் உள்ளே போய்க் குனிந்து பார்த்தான். மருதப்பனின் கண் திறந்திருந்தது. அது முத்துசாமியைப் பார்த்தது. முத்துசாமி நிமிர்ந்தான். அந்தக் கண்ணும் கூடவே நிமிர்ந்தது.

முத்துசாமி ஒன்றும் சொல்லவில்லை. போயிட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து எழுந்து போவதைப்போலப் பேசாமல் திரும்பி நடந்தான். கிணற்றுக்கும் சொல்லிக்கொண்டு வந்தவனுக்கு, தன் கூட்டாளி சொல்லிக்கொள்ளாமல் போவதன் அர்த்தம் தெரியாதா? தன்னைப் பிணமென்று எண்ணிவிட்டார்கள் என்று அந்த உயிருள்ள மனுஷன் தெரிந்துகொண்டான். முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று அந்த நாக்கு எதையோ சொல்லப் பார்த்தது.

"மூச்சு இருக்கா?" என்று கேட்டான் காதர் மைதீன்.

"இல்லை" என்றான் முத்துசாமி.

மண்ணாவது தள்ளிவிட்டுப் போவோம் என்று காதர் மைதீன் அழுதான். ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்களிடம் சொல்லியாகிவிட்டது என்று முத்துசாமி இன்னொரு பொய் சொன்னான். வண்டி நகர்ந்தது. காதர் மைதீன் பினாங்கில் உறவுக்காரர் கடையிலேயே தங்கிவிட்டான். முத்துசாமி மட்டும் சிங்கப்பூர் வந்து இறங்கினான்.

மருதப்பன் மனைவி அஞ்சலை துறைமுகத்திலேயே நின்றிருந்தாள். செத்துவிட்டான் என்று சொன்னால் யார் கொள்ளி வைத்தது, யார் வாய்க்கரிசி போட்டது, எந்த மண்ணில் கிடக்கிறான் என்று கேட்பாளே? மருதப்பன் தன் அம்மா ஊரில் தங்கியிருக்கிறான், அடுத்த கப்பலில் வருவான் என்று முத்துசாமி சொல்லிவிட்டான்.

இப்போது தெரிகிறதா, ஒரு பெண் சொல்லிக்கொள்ளாமல் போனதற்கு அவன் ஏன் அப்படிப் பயந்தான் என்று?

மறுநாள் பால்காரர் வந்தார். பாலை ஊற்றினார், தங்கம் நீட்டிய வெற்றிலையை வாங்காமல் போனார். அதற்கு மறுநாள் பட்டறையிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். தண்ணீர் வேண்டாம் என்றார்கள். உட்கார்ந்தார்கள், தரையைப் பார்த்தார்கள், ஒருவர் எழுந்ததும் மற்றவரும் எழுந்து நடந்துவிட்டார்கள். தெருவில் போய்க் கேட்டால், அப்படியா, சொல்லிக்கவில்லையா, நினைவில்லையே என்றார்கள். அவர்கள் முகத்தில் பொய் இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம்தான் பார்த்தார்கள் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. கூடத்தின் மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவு வெறும் இடம். பேச்சு அங்கே பார்த்ததும் நிற்கும். குரல் தானாகத் தாழும். பட்டப்பகலில், வெயில் ஓட்டுக்கூரையை வறுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், தெருவில் வண்டிகள் கடகடவென்று போய்க்கொண்டிருக்கும் நேரத்தில், அந்த மூலையிலிருந்து ஈரப் பாயின் முடை எழுந்து வந்தது. அதனடியில் புளித்த கஞ்சித் தண்ணீரின் நாற்றம் மெல்ல, மிக மெல்ல, ஒரு நாளைக்கு ஒரு சாண் என்று நகர்ந்து கூடம் முழுக்கப் பரவிற்று. காலையில் தங்கம் நிரப்பிய பானை மத்தியானத்துக்குள் வற்றிவிடும். பானையில் கீறல் இருக்கிறதோ என்று அவன் தடவிப் பார்த்தான். கீறல் இல்லை. பானையின் விளிம்பில், வெளிப்பக்கம், உதடு பட்ட இடம்போல ஒரு வெள்ளைக் கறை.

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் பல்லி என்று நினைத்தான். பல்லி தொடர்ந்து சொல்லும், நிறுத்தும். இது ஒட்டியது. பிரிந்தது. ஒட்டியது.

தங்கத்துக்குக் கேட்கிறதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

பேறுகாலம் பார்க்கிற மருத்துவச்சி அம்மா வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், தலை இறங்கிவிட்டது, இரண்டு மூன்று நாள்தான் என்றார். முத்துசாமி வாசலில் காத்துக்கொண்டு நின்றான். அவர் ஒருவராவது சொல்லவேண்டும். ஒரே ஒரு 'வர்றேன்'. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் மருத்துவச்சி சொல்லாமல் போவாளா? அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மூலையைப் பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவனைத் தாண்டிப் போனார். பேசவில்லை.

அன்றைக்குத்தான் அஞ்சலையும் வந்தாள். ஒவ்வொரு கப்பலுக்கும் வந்து கேட்பாள். நம்பிக்கைக்காரி. "வர்றேன் அண்ணே, அடுத்த கப்பலுக்கு வந்து கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அன்று பானைக்கு எதிரே உட்கார்ந்தவள் எதையுமே கேட்கவில்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள். போனாள்.

முத்துசாமி தெருவில் ஓடி அவளை மறித்தான். "அஞ்சலை, ஏன் சொல்லிக்காமப் போறே?"

"சாவு வீட்டுல சொல்லிக்கிட்டா போவாங்க, அண்ணே?"

சொன்னவளே திடுக்கிட்டாள். "நான் என்ன சொன்னேன்? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடாச்சே. என் நாக்கைச் சுட." கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். அப்போதும் அவள் சொல்லவில்லை.

அந்த வீட்டில் ஒரு சாவு இருக்கிறது என்று ஊரே சொல்லாமல் சொல்கிறது. அது யாருடையது? தங்கமா? வயிற்றில் இருப்பதா? அஞ்சலையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் மருதப்பன் ஒருவேளை விட்டுவிடுவான். அவன் நல்லவன். நல்லவனாகத்தான் இருந்தான்.

மறுநாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே கம்போங் காப்பூரில் இருந்த அஞ்சலை வீட்டுக்குப் போனான். அவள் மருதப்பனின் வேட்டியைக் கஞ்சி போட்டு உலர்த்தி மடித்துக்கொண்டிருந்தாள். வந்து இறங்கியதும் கட்டிக்கொள்ள வேண்டுமாம். வாயைத் திறந்தான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"அடுத்த கப்பல்ல வந்துடுவான்" என்றான்.

திரும்பி வருகிற வழியெல்லாம் தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொண்டான். சொல்லிக்கொள்ளாமல் வந்தது மருதப்பனிடம்தானே? அவனிடமே சொல்லிவிட்டால் தீர்ந்தது. அஞ்சலை எதற்கு இதில்? பாவம், அவள் நிம்மதியாக இருக்கட்டும். கோழைக்கு நியாயம் கிடைப்பதற்கு எத்தனை நேரம் ஆகும், கண்ணுகளா?

வீட்டில் தங்கம் உள்ளறையில் படுத்திருந்தாள். கூடத்தில் மழை வெளிச்சம், சாம்பல் நிறத்தில். பானை வற்றிக் கிடந்தது. முத்துசாமி மூலைக்கு முன் போய் நின்றான். நாற்றம் மூக்கில் ஏறிற்று.

டக்.

குனிந்தான். அன்றைக்குக் குனிந்த அதே உயரத்துக்கு.

"மருதப்பா" என்றான். "போயிட்டு வர்றேன்டா."

மழை.

டக்.

சத்தம் நின்றது.

அவன் காதுக்கு வெகு அருகில், காய்ந்த துணியைக் கல்லில் இழுப்பதுபோல, அன்பாக ஒரு குரல்:

"எங்கே போறே, முத்து? அதான் நான் வந்துட்டேனே."

உள்ளறையில் தங்கம் வலியெடுத்து அலறினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஆண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, மூச்சுமுட்ட அழுதுகொண்டு. தங்கத்துக்கு ஒரு குறையும் இல்லை. கூடத்தில் நாற்றம் இல்லை. மருத்துவச்சி அம்மா கையைக் கழுவிக்கொண்டு வெற்றிலையை வாங்கி மடியில் கட்டினார். "வர்றேன் தம்பி, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்றார். முத்துசாமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கும்பிட்டான். தீர்ந்தது, தீர்ந்தது என்று அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது.

மருத்துவச்சி வாசல்வரை போனார். திரும்பினார். தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் படுங்க, ரெண்டு நாளாத் தூங்கலையே. வர்றேன்" என்றார்.

அங்கே யாரும் இல்லை.

பாக்கியலட்சுமி அக்கா வந்தாள். பழையபடி நான்கு தரம் சொல்லிக்கொண்டாள். இல்லை, எட்டுத் தரம். இவனுக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று. பால்காரர் வந்தார். பட்டறை ஆட்கள் வந்து மூலைக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போனார்கள். எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் பேசினார்கள். முத்துசாமிக்கு மட்டும் அங்கே வெறும் சுவர்.

அஞ்சலை தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தக் கஞ்சி போட்ட வேட்டியைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். கொஞ்சம் கோபித்தாள், கொஞ்சம் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் முத்துசாமியால் தாங்க முடியாமல் போயிற்று. அவள் காலடியில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டினான். சத்திரம். திறந்த கண். 'இல்லை' என்று சொன்னது. உயிரோடு விட்டுவிட்டு வந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள்.

"உங்க கூட்டாளி என்ன சொல்றார், கேட்டீங்களா?" என்றாள். அங்கிருந்து ஏதோ பதில் வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

யாரிடம் போய்ச் சொல்வான் இனிமேல்? இத்தனை நாள் சொல்ல ஆள் இருந்தது, வாய் வரவில்லை. இப்போது வாய் வந்தது. கேட்க ஆள் இல்லை.

பதினாறாம் நாள். பட்டப்பகல். தங்கம் தலை முழுகி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம். முத்துசாமி கையை நீட்டினான். அவள் அவனைத் தாண்டிப் போனாள். மூலைக்குப் போனாள்.

"தங்கம், அங்கே யாரு?"

"என்ன கேள்வி இது?" என்றாள் அவள், திரும்பாமலே. "உங்ககூடக் கப்பலை விட்டு இறங்கி வந்தவரை என்கிட்டக் கேக்கிறீங்க?"

குனிந்தாள்.

"கொஞ்சம் பிடிங்கண்ணே, பால் பொங்கிடும்."

பிள்ளையை நீட்டினாள். கையை எடுத்தாள். அடுப்படிக்கு ஓடினாள்.

பிள்ளை விழவில்லை.

தரைக்கு ஒரு முழம் மேலே. வெறும் காற்றில். தலை லேசாக உயர்ந்து, யாரோ முழங்கையை மடக்கி ஏந்தியதுபோல. துணியில் ஐந்து பள்ளம், ஐந்து விரல் அழுந்திய பள்ளம். முத்துசாமி ஓர் அடி வைத்தான். பிள்ளை ஓர் அடி பின்னால் போயிற்று. அவன் நின்றான். அதுவும் நின்றது. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, அது ஆட ஆரம்பித்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். பிள்ளை மேலே எதையோ, எந்த முகத்தையோ உற்றுப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

மழை விட்டுவிட்டது, பார்த்தீர்களா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், என் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். உங்களில் யாரும் யாரையும் பாதி வழியில் விட்டுவிட்டு வரும்படி நேராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழட்டும். அவை யார் மடியில் கிடந்து சிரிக்கின்றன என்று உங்களுக்கு எப்போதும் தெரிந்திருக்கட்டும்.